பார்க்கில் பூட்டிய கார்

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கத்தான் உட்துறைமுக வீதியில் காரை நிறுத்தினேன். ஓட்டோமெற்றிக் கார். திரும்ப எடுக்கப் பார்த்தால் எஞ்சின் ஓடியது, கியர் 'பார்க்' நிலையை விட்டு அசையவில்லை. அம்மாவுக்கு அன்று கண் ஒப்பரேசன். பக்கத்து வாசலின் காவலாளி, லொறிகளுக்கு வழி விட வேண்டுமென்று காரைக் கட்டி இழுக்க ட்ரக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

பின்னால் மறிபட்ட கிண்ணியா பஸ்ஸிலிருந்து கறுப்பு அபாயா அணிந்த ஒரு நெட்டையான பெண் இறங்கி வந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல், வேலையைப் பார்த்தபடியே பேசுகிறவர்.

"பூட்டின சில்லோட இழுத்தா கியர்பொக்ஸ் போயிரும். பிரேக்கை மிதிங்க." பின்னால் போய்ப் பார்த்தார். "பிரேக் லைட் எரியல்ல. பிரேக் சுவிட்ச் போயிட்டு. மிதிச்சது கியருக்குத் தெரியல்ல, அதான் விடுதில்ல."

"தள்ளி நில்லுங்கோ, உங்களால ஏலாது" என்றார் காவலாளி.

"ஏலுமா ஏலாதா எண்டு நான் சொல்றன்."

அந்தப் பெண் என்னைக் கைப்பிரேக்கை இழுக்கச் சொன்னார். கியருக்குப் பக்கத்திலிருந்த சின்ன மூடியை என் சாவிக்கொத்திலிருந்த வீட்டுத் திறப்பால் கிளப்பி, உள்ளே இருந்த பொத்தானை அமத்திப் பிடித்தார்.

"இப்ப நியூட்ரலுக்கு எடுங்க."

கியர் வந்துவிட்டது.

"பிரேக் லைட் இல்ல, மெதுவாப் போங்க. இண்டைக்கே சுவிட்சை மாத்துங்க."

"இதெல்லாம் உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டார் காவலாளி.

அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "ஒரு ஆம்பிள செஞ்சிருந்தா கேட்டிருப்பீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அம்மாவை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். ஆனால் 'ஆர் பழக்கினது' என்ற அந்தக் கேள்வி என் நாக்கு நுனியிலும் இருந்தது. காவலாளி முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.