மாத்திரை தீர்ந்ததா என்று கேட்ட அழைப்பு

எங்கள் மருந்துக் கடையில் பாதி வேலை மருந்து கொடுப்பது. மீதி, வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிட்டு "மாத்திரை தீர்ந்துபோச்சுங்களா?" என்று கேட்பது.

ஆனால் வேலை பார்க்கும் நாங்கள் எங்களுக்குள் பேசக் கூடாது. தலைமை அலுவலகம் கேமராவில் பார்க்கும். கேமரா வைக்க முடிந்தவர்களுக்கு, நாங்கள் உட்கார ஒரு ஸ்டூல் போட முடியவில்லை.

கவுன்டரில் ஜாபர் அண்ணன் பக்கத்தில் ஆறு மாதமாக நிற்கிறேன். பேசிக்கொண்டதெல்லாம் மருந்துப் பெயர்கள்தான்.

இன்று மதியம் ஸ்டோர் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடை எண்ணிலிருந்தே எனக்கு அழைப்பு. போன மாதம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கியதால் நானும் வாடிக்கையாளர் ஆகிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் பேசினார்.

"வணக்கங்க மேடம். உடம்பு எப்படி இருக்குங்க?"

வேலைக்காக நெய்வேலி வந்து தனியாக அறை எடுத்த பிறகு, யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"உடம்பு பரவால்லீங்க. கூட வேலை பாக்குறவருதான் ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாரு."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"தலைக்கு மேல கேமரா வச்சிக்கினு என்னத்தம்மா பேசுறது? சாப்ட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் வந்துவிட்டார் போல. குரல் மாறியது.

"எத்தினி அட்டை எடுத்து வைக்கட்டுங்க மேடம்?"

"ஒண்ணு போதுங்க."

மாதத்துக்கு மூன்று அட்டை வேண்டும். ஆனால் ஒன்று வாங்கினால் பத்து நாளில் அவர் மறுபடியும் என்னைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அது கம்பெனி உத்தரவு.

உங்கள் வேலையிடத்தில் பக்கத்தில் நிற்பவர் நலம் விசாரிக்க நீங்கள் என்ன வாங்க வேண்டியிருக்கிறது?