மாரிசெல்வி எடுத்துப்போட்ட சுவர்

வைகுண்டராஜின் தறிக் கொட்டகையில் இருபத்தெட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அந்த வலைத்துணி அங்கேதான் நெய்யப்படுகிறது. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற சாலையில், கேட்டைத் தாண்டியதும் ஒரு புங்கமரம். மத்தியானச் சோறு அந்த மரத்தடியில்தான். மழை வந்தால் கொட்டகைக்குள் ஓடி, தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டு தின்ன வேண்டும். அப்போது சோற்றில் பாதி பஞ்சு. இதற்காக எத்தனை மனு போனது என்று எனக்குத் தெரியும். சங்கத்துக்காரன் என்ற முறையில் சிலதை எழுதியவனே நான்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

கடைசியில் பதில் வெளிநாட்டிலிருந்து வந்தது. துணி வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் தை மாதம் பார்வையிட வருகிறார்களாம். தொழிலாளிகள் உட்கார்ந்து சாப்பிட இடம் இல்லையென்றால் ஆர்டர் இல்லையாம். ஒரே வாரத்தில் வைகுண்டராஜுக்குத் தொழிலாளி மேல் பாசம் பொங்கிவிட்டது. மரத்தை வெட்டுவது, நாலு தூண் நிறுத்துவது, மேலே தகரம் போடுவது. மிச்ச இடத்தில் லாரி திரும்பிக்கொள்ளும். திட்டம் தயார்.

செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனவர் அய்யம்மாள். நாலு தறி ஓட்டுகிறவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் அவரும் மகள் மாரிசெல்வியும் ஒன்றாகத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தாய்க்கு ராஜபாளையம் பஸ். மகளுக்கு எதிர்த்திசையில், கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற கல்லூரி பஸ். அவள் கட்டடக்கலை நாலாம் வருஷம்.

அந்தப் பருவத்துக்குக் கல்லூரியில் கொடுத்த வேலை: மனிதர், கட்டடம், இயற்கை மூன்றையும் இணைத்து ஒரு சின்னக் கட்டடம் வரைய வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மலையடிவாரத்தில் சொகுசு விடுதி வரைந்தார்கள். ஒருவன் மலை அணில் பார்க்கக் கோபுரம் வரைந்தான். மாரிசெல்வி புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் லீவு நாளில் அம்மாவோடு வந்து அதனடியில் படுத்து உறங்கினவள் அவள். அதை வெட்ட விடுவதில்லை என்று முடிவு செய்து, நேரே முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"என்ன படிக்க? இஞ்சினீரா?" என்றார் வைகுண்டராஜ்.

"ஆர்க்கிடெக்சர் சார்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல சார். அவிய கட்டடம் விழாமப் பாத்துக்கிடுவாவ. அதுக்குள்ள மனுசன் இருக்க முடியுதான்னு நாங்க பாப்போம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் அவர் பாதி நல்லவர். "சரி, பதினஞ்சு நாள் தாரேன். மரத்த விட்டுட்டு வரஞ்சு கொண்டா. பொம்பளையாளுவ அம்புட்டுப் பேரும் சரினு சொன்னா அப்படியே கட்டுதேன். வேண்டாம்னுட்டா மரம் போயிரும். பொறவு மனு கினுன்னு எவளும் எங்கிட்ட வரப்படாது."

பதினைந்து நாளும் மாரிசெல்வி சரியாக உறங்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கூரை, நடுவே அடிமரம் மேலேறிப் போக ஒரு வட்டத் திறப்பு. மேற்கே திறந்த வாசல். உட்கார்ந்தால் நேரே மலை தெரியும். தறிக் கொட்டகைப் பக்கம் மட்டும் ஒன்றரை அடி கனத்தில் சுவர். அந்தச் சுவர்தான் அவளுக்கு முக்கியம். இருபது வருஷமாகத் தறிச் சத்தத்தில் நின்று அய்யம்மாளுக்குக் காது மந்தம். வீட்டில் ஒரு வார்த்தையை மூன்று தடவை சொல்ல வேண்டும். அவர் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒரு நாளில் அரை மணி நேரமாவது அம்மா காதுக்கு ஓய்வு வேண்டும் என்று அந்தச் சுவரைப் போட்டாள். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. எல்லோரோடும் சேர்ந்து பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அவள் வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவர் அருமையான யோசனை" என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்? அட்டையில் மாதிரி செய்தாள். பஞ்சில் மரம் செய்தாள். தீக்குச்சியில் இருபத்தெட்டு ஆட்கள் செய்து உட்காரவைத்தாள். வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

"இதுக்கு லக்கேஜ் போடணும்மா" என்றார் கண்டக்டர்.

"மடியில வச்சுக்கிடுதேன்ணே."

"உள்ள ஆளு எதுவும் இருக்கா?"

"இருபத்தெட்டுப் பேரு இருக்காவ."

"அப்ப எறங்கச் சொல்லு. பஸ்ஸு ஏற்கனவே ஃபுல்லு."

மத்தியானம் சூப்பர்வைசர் சாம்சன் விசில் ஊதினார். அங்கே எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நிற்காது. பாதிப் பேர் சாப்பிடுவார்கள். மீதிப் பேர் தங்கள் தறியோடு பக்கத்துக்காரியின் தறியையும் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. அதை வேறு நோட்டீஸில் எழுதிக்கொள்கிறேன்.

முதல் அணி தூக்குவாளியோடு வந்து மாதிரியைச் சுற்றி உட்கார்ந்தது.

"ஏட்டி, இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள் மாரீஸ்வரி. வாய்க்குப் பூட்டுப் போடாத பெண்.

"இந்தா, இந்தக் குச்சிதான்க்கா."

"இம்புட்டு ஒல்லியாவா இருக்கேன்? நல்லா இரு தாயி. ஆனா நாங்க ஏன் எல்லாரும் மலையப் பாத்து உக்காந்திருக்கோம்? மலையில நமக்கு யாரு இருக்கா?"

"ஆடிக் காத்து மலையில இருந்துதான வருது? மண்ணள்ளிச் சோத்துல போட்டுரும்" என்றாள் இன்னொருத்தி.

மாரிசெல்வி குறித்துக்கொண்டாள். அதெல்லாம் திருத்தக்கூடியதுதான். அப்போது தங்கபாய் விரலை நீட்டினார். அந்தக் கொட்டகையில் நீண்ட நாள் சர்வீஸ் அவருக்குத்தான். தறி ஓட்டுவதிலும் கெட்டிக்காரி.

"இந்தச் சுவரு எதுக்கு?"

மாரிசெல்வி இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள். "தறிச் சத்தம் கேக்காம இருக்க தங்கபாய்க்கா! உள்ள உக்காந்தா ஒரு துளி சத்தம் வராது."

யாரும் கை தட்டவில்லை. பிசைந்த கை பிசைந்தபடி நின்றது.

"சத்தம் கேக்கலைன்னா சோறு எப்படிட்டி எறங்கும்?" என்றார் தங்கபாய்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து வந்த இரைச்சலில் ஏதோ ஒன்று மாறியது. மாரிசெல்விக்கு எல்லாம் ஒரே இரைச்சல். கார்த்திகா என்ற பெண் சோற்றுக் கையோடு எழுந்து, "ஏ அம்மா, எம் மூணாம் தறி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா சிக்கப்போகிற சத்தம் அது. கவனிக்காமல் விட்டால் நூறு இருநூறு நூல் அறுந்துபோகும். அரை நாள் குனிந்து உட்கார்ந்து முடிச்சுப் போட வேண்டும். பார்த்துக்கொள்கிற பக்கத்துக்காரிக்கு எட்டுத் தறி. எல்லாம் அவள் கண்ணில் படாது. அதனால் ஒவ்வொருத்தியும் தன் நாலு தறியையும் காதில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள்.

இரண்டு அணியும் சாப்பிட்டு முடித்ததும் வைகுண்டராஜ் வந்து கை தூக்கச் சொன்னார். "இது வேணுங்கிறவ தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அய்யம்மாளும் தூக்கவில்லை.

"எம்மா!" என்றாள் மாரிசெல்வி.

"எந் தறியும் கேக்காதுல்லட்டி" என்றார் அய்யம்மாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். கேட்டில் நின்ற வாட்ச்மேன் வரைக்கும் கேட்டது.

"முடிஞ்சு போச்சு. திங்கக்கெழம மரம் வெட்ட ஐயாதுரை வாரான்" என்று முதலாளி போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது காலையில் வந்த அதே கண்டக்டர், "என்னம்மா, வீடு விக்கலையா?" என்றார். மாரிசெல்வி மாதிரியை மடியில் வைத்துக்கொண்டாள். அய்யம்மாள் கேட்டார்: "அந்தச் சுவர எனக்காவயா போட்ட?" அவள் தலையாட்டினாள். "போட்டி கூறுகெட்டவளே. எங்காதுக்கு நாலு தறிச் சத்தம் மட்டும் நல்லாவே கேக்கும். ஒஞ் சத்தந்தான் கேக்காது" என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இதில் மாரிசெல்வியை மெச்ச வேண்டியது ஒன்று உண்டு. வேண்டாம் என்று சொன்னவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. சனிக்கிழமை மறுபடி வந்தாள். மாதிரி இல்லை, ஸ்கேல் இல்லை, தூக்குவாளி மட்டும். இரண்டு அணியோடும் உட்கார்ந்து இரண்டு தடவை சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் அவர்கள் உட்காரும் இடத்தையே பார்த்தாள். மத்தியானத்தில் நிழல் எல்லாப் பக்கமும்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் கிழக்குப் பக்கம், கொட்டகை வாசலைப் பார்த்து, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறார்கள். முதுகில் காற்று, காதில் தறி.

சுவர் இடம் மாறினால் போதும். மேற்கே முதுகு சாயும் உயரத்துக்கு ஒரு திண்டு, காற்றுக்கு மறைப்பு. தறிப் பக்கம் திறந்துவிடலாம். ஆனால் திறந்தால் சத்தத்தோடு பஞ்சும் வரும். சத்தம் வேண்டும், பஞ்சு வேண்டாம். இதற்கு வரைபடத்தில் என்ன செய்வது?

"இன்னொரு வாய் வச்சுக்கோ புள்ள" என்று யாரோ சொன்னார்கள். நிமிர்ந்தால் மாரீஸ்வரி. வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்க வந்தவள். மூக்கையும் வாயையும் சுற்றி அங்கே நெய்த துணியையே இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தாள். துணியெல்லாம் பஞ்சு அப்பியிருந்தது. பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது.

மாரிசெல்வி எச்சில் கையோடு எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "ஏ, சேலையெல்லாம் ரசம்!" என்று மாரீஸ்வரி கத்தியது உள்ளே தறி ஓட்டியவர்களுக்கும் கேட்டது.

திங்கட்கிழமை ஐயாதுரை மெஷின் ரம்பத்தோடு வந்தபோது மரத்தடியில் ஏற்கனவே கட்டடம் நின்றது. சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கழிவு நூலைத் தரையில் கட்டியிருந்தாள். திண்டுக்குப் பதில் செங்கல் அடுக்கு. தறிப் பக்கம் நாலு மூங்கில் நட்டு, விலை போகாத துணியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டியிருந்தாள்.

"ஏலே, செத்த நேரம் இரு" என்று வைகுண்டராஜ் ஐயாதுரையிடம் சொன்னார். அவருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை.

விசில் ஊதியது. முதல் அணி திண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. எல்லோரும் துணியையே பார்த்தார்கள். தங்கபாய் கண்ணை மூடிக்கொண்டு நாலு வாய் தின்றார். ஐந்தாவது வாயில் நிறுத்தினார்.

"ஏட்டி கார்த்திகா, ஒன் ரெண்டாம் தறி நின்னுட்டு."

"நூலு தீந்திருக்கும்க்கா. எனக்கும் கேட்டுச்சு" என்று கார்த்திகா எழுந்து போனாள். போகிற போக்கில் துணியைத் தட்டினாள். அந்தப் பக்கம் ஒட்டியிருந்த பஞ்சு கீழே உதிர்ந்தது. இந்தப் பக்கம் சோற்றில் ஒரு இழை பஞ்சு இல்லை.

முதலாளி கை தூக்கச் சொல்லவில்லை. அவர்களே தூக்கினார்கள், சோறு ஒட்டிய கையை. இரண்டாவது அணியும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தூக்கியது. அய்யம்மாள் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கை செல்லாது என்று சாம்சன் சொன்னார்.

"எல்லாஞ் சரி. லாரி எங்கிட்டுத் திரும்பும்?" என்றார் வைகுண்டராஜ்.

"ரிவர்ஸ்ல வரட்டும் சார்."

"எவன் பின்னால நின்னு கை காட்டுவான்?"

மரத்தடியில் இருந்த பெண்கள் எல்லோரும் சாம்சனைப் பார்த்தார்கள்.

ஐயாதுரை, வரப்போகிற கூரைக்கு இடிக்கிற ஒரே ஒரு கிளையை அறுத்தார். சோறு போட்டார்கள், தின்றுவிட்டுப் போனார். தை மாதத்துக்குள் கட்டி முடிந்தது. பார்வையிட வந்தவர்கள் மரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் தன் யோசனை என்று வைகுண்டராஜ் சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும். கல்லூரியில் வாத்தியார், "அந்தச் சுவர் எங்கே? மலைக் காட்சி எங்கே?" என்று கேட்டிருக்கிறார். "சாப்பிட்டு எந்திரிச்சா மலை தெரியும் சார்" என்று மாரிசெல்வி சொல்லியிருக்கிறாள். மதிப்பெண் குறையவில்லை.

போன மாதம் நான் அங்கே போயிருந்தேன். துணித் திரையைச் சனிக்கிழமைதோறும் முறை வைத்துத் துவைக்கிறார்கள். லீவு நாள் என்று மாரிசெல்வியும் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூரைத் திறப்பு வழியாகப் புங்கம்பூ உதிர்ந்தது. திடீரென்று அவள் தலையைச் சாய்த்தாள்.

"எம்மா, ஒன் நாலாம் தறி."

அய்யம்மாள் செத்த நேரம் காது கொடுத்தார். "ஆமாட்டி!" என்று எழுந்து ஓடினார்.

தங்கபாய் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "சாம்சா, இந்தப் புள்ளைக்கும் நாலு தறி ஒதுக்கு. காது வந்துட்டு."