இலிஷ் வந்தால் மௌசுமிதியைக் கூப்பிடவும்

பிப்ரவரி 12, வியாழக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்ப இருபத்தாறு நிமிடம். லேக் மார்க்கெட்டில் வாங்கிய காபித்தூள் இன்னும் நான்கு நாளைக்கு வரும். 8.52க்கு டாலிகஞ்சில் மெட்ரோ ஏறினேன். மாலை 6.35க்கு வீடு. 7.10க்குக் கண் பரிசோதனைக்கு நேரம் குறிப்பதற்காக ஒரு மருத்துவமனையின் இணையதளத்தைத் திறந்தேன். பெயர், வயது, எந்தக் கண் என்பது வரை எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு நாய்க்குட்டி வந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு ‘அச்சச்சோ, ஏதோ சரியில்லை’ என்று ஆங்கிலத்தில் சொன்னது.

என்ன சரியில்லை? என் பெயரா, வயதா, கண்ணா? நாய்க்குட்டி மேற்கொண்டு பேசவில்லை. இணையதளம் செய்யும் இந்தத் தொழிலில்தான் நான் சோறு தின்கிறேன் என்பதால் எனக்குத் தெரியும்: நாய்க்குட்டிக்குப் பின்னால் ஓர் உண்மையான வாக்கியம் இருக்கிறது. இந்த அட்டவணையில், இந்தக் கட்டத்தில், இந்தக் காரணத்தால் பதிய முடியவில்லை என்று தரவுத்தளம் தெளிவாகத்தான் சொல்லியிருக்கும். அதை வெளியே காட்டினால் திருடனுக்கு வழி தெரிந்துவிடும் என்று ஒரு கோப்புக்குள் ஒளித்துவைக்கிறோம். என் குழுவினரிடம் அப்படி எழுதச் சொல்வதும் நான்தான். ஆகவே நாய்க்குட்டியிடம் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு மீன் வாடை வந்தது. சொல்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பவானிபூரில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் என் முதல் வேலை. பின் ஜன்னலைத் திறந்தால் மீன் சந்தை. மொத்தம் மூன்று பேர். முதலாளி பிமல்தா, எனக்கு மூத்தவரான மௌசுமிதி, நான். வங்காளத்தில் ‘தா’ அண்ணன், ‘தி’ அல்லது ‘திதி’ அக்கா. கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த எனக்கு வங்காளம் தண்ணீர்பட்ட பாடு. மீன்தான் ஆகாது. மதியச் சாப்பாட்டு டப்பாவை மூக்கைப் பொத்திக்கொண்டு திறப்பேன். தயிர்சாதத்துக்கு மூக்கைப் பொத்தியவன் கொல்கத்தாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போதெல்லாம் பிழை வந்தால் அப்படியே திரையில் காட்டிவிடுவோம். எங்கள் சர்வர் எங்கோ வெளிநாட்டில் வாடகைக்கு இருந்தது. அதன் பதிவேடுகளைப் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. வாடிக்கையாளர் போன் செய்து, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரு மிட்டாய்க்கடைக்காரர் நீளமான ஆங்கில வாக்கியத்தை எழுத்தெழுத்தாக வாசித்து முடிப்பதற்குள் மண்குவளைத் தேநீர் ஆறிப்போகும். மௌசுமிதி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நிரலில் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் ஒவ்வோர் இடத்திலும், கேள்வி தோற்றால் ஒரு மீன் பெயரைக் காட்டி நின்றுவிட வேண்டும். தேடல் தோற்றால் ருயி. ஆர்டரைப் பதிய முடியாவிட்டால் இலிஷ். இணைப்பே கிடைக்காவிட்டால் சிங்ரி. மிட்டாய்க்கடைக்காரர் போன் செய்து, “திதி, காலையிலிருந்து ஒரே இலிஷ்” என்பார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். பிமல்தா தம் கைப்பட எழுதிய பயனர் கையேட்டிலேயே ‘இலிஷ் வந்தால் மௌசுமிதியைக் கூப்பிடவும்’ என்று இருந்தது.

எனக்கு எல்லா மீனும் ஒரே வாடை. அதனால் நான் எழுதிய நிரல்களில் என் அம்மாவின் வசவுகளை, ஆங்கில எழுத்தில், போட்டேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் அல்லவா? கடுமை வாரியாகப் பட்டியலிட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தேன். தேடல் மெதுவானால் சோம்பேறி. முடிவே வராவிட்டால் தண்டம். இணைப்பு அறுந்தால் எருமை. உச்சத்தில் மூதேவி. வாடிக்கையாளர் அத்தனை பேரும் வங்காளிகள், யாருக்குப் புரியப்போகிறது? பிமல்தா ஒருமுறை அர்த்தம் கேட்டார். டெக்னிகல் சொற்கள் என்றேன். அவர் அதையும் நம்பி, ‘எருமை வந்தால் ஐந்து நிமிடம் காத்திருக்கவும்’ என்று கையேட்டில் சேர்த்துக்கொண்டார்.

என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியும் நேரத்தில் கரியாஹாட்டில் ஒரு பெண்கள் பள்ளி வந்தது. மாணவியர் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும். பிமல்தா வெளிப்படையாகச் சொன்னார்: “பள்ளி கையெழுத்துப் போட்டால் உன் நியமனக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் மாதக் கடைசியில் நீ கரக்பூர் போய்விடலாம்.” போனால் அந்த வசவுப் பட்டியலை மூலத்திலிருந்தே, அம்மா வாயாலேயே, கேட்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை.

ஒரு சேலைக்கடைக்கு எழுதிய நிரலை நகலெடுத்து, சேலை இருந்த இடத்தில் மாணவியை வைத்து, பத்து நாளில் முடித்தேன். ஒரே பிள்ளை இரண்டு முறை பதிவாகிவிடக் கூடாதே என்று ஒரு விதியும் வைத்தேன்: தந்தை பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் தரவுத்தளம் ஏற்காது. அந்த விதியில் எனக்குப் பெருமை உண்டு.

ஒரு வியாழக்கிழமை, பகல் 11 மணிக்குத் தலைமையாசிரியை அறையில் செய்து காட்டினோம். மிஸஸ் சக்ரவர்த்தி. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை, கையில் சங்கு வளையல், வாயில் தூய வங்காளம். “நானே அடிக்கிறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரூம்கி என்ற பெண்ணைப் பதிந்தார். உள்ளே போயிற்று. பிறகு ஜூம்கி. அதே தந்தை, அதே பிறந்த தேதி.

இரட்டைப் பிள்ளைகள் என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

திரை வெள்ளையாகி, நடுவில் ஒரே ஒரு வரி: ‘மூதேவி, ஒரு தடவை சொன்னா போதாதா?’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வாய்விட்டு வாசித்தார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“யாருல இத எழுதுனது?”

பாளையங்கோட்டையில் பிறந்து, கல்லூரியில் உடன் படித்த சக்ரவர்த்தியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த நிமிடம் தெரிந்தது அந்த ‘ல’ மட்டும்தான்.

“நான்தான் மேடம்.”

“போதாதுல. பிள்ளைக ரெண்டு.”

பிமல்தா முன்னால் வந்து, “மேடம், அது டெக்னிகல்” என்றார்.

“எங்க அம்மையும் தெனமும் டெக்னிகலாத்தான் பேசுவா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரிடம் வங்காளத்தில், இரண்டு பதிவும் ஒன்றுபோல் இருப்பதாகக் கணினி சொல்கிறது, அவ்வளவுதான் என்றார். என்னிடம் மறுபடி தமிழ்: “நாளைக்கு எட்டு மணிக்கு, அசெம்ப்ளிக்கு முந்தி வா. ரெண்டும் உள்ள போணும். இல்லன்னா நான் பழையபடி நோட்டுலயே எழுதிக்கிடுதேன். பிள்ளைகளோட அம்மாமாரும் இதப் பாப்பாக. ஞாபகம் வச்சிக்க.”

திரும்பும் பேருந்தில் ஹாஸ்ரா சந்திப்பு வந்ததும் பிமல்தா, “உண்மையான அர்த்தம் என்ன?” என்றார். சொன்னேன். “எருமை?” சொன்னேன். பேருந்தின் கம்பியைப் பிடித்தபடி, “கையேட்டில் என் கையால் எழுதினேனே!” என்றார். அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்ட மௌசுமிதிக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. “என் மீன் இதுவரை யாரையாவது திட்டியிருக்கிறதா?” என்றார். அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க, நான் நாற்பத்து மூன்று வசவுகளை எடுத்துவிட்டு, என்ன தவறு, என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதினேன். விதியில் பிள்ளையின் பெயரையும் சேர்த்தேன். மாலை 6.20க்கு முடிந்தது.

அந்த மாடியில் இப்போது யோகா வகுப்பு நடக்கிறது. பின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சேலைக்கடை இல்லை. மிட்டாய்க்கடை இருக்கிறது, ஆனால் அதன் தளத்தை நடத்துவது யார் என்று கடைக்காரருக்கே தெரியாது. தவறு நடந்தால் போன் செய்து வாசித்துச் சொல்லும் மனிதர்கள் போய்விட்டார்கள். அதைக் கேட்டு, ‘ஓ, அதுவா!’ என்று சிரிக்க மறுமுனையில் இருந்தவர்களும் போய்விட்டோம். இன்றைய முறை பத்திரமானது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அன்றைக்குப் பிழைக்கு ஓர் ஆள் இருந்தான், அவ்வளவுதான்.

அன்றைய நாட்குறிப்பின் அடுத்த பக்கம் இப்படி ஆரம்பிக்கிறது: வெள்ளி, காலை 7.48, பள்ளி வாசல். பிமல்தா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். எட்டுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மிஸஸ் சக்ரவர்த்தி முதல் வேலையாக ரூம்கியைப் பதிந்தார், ஜூம்கியைப் பதிந்தார். இரண்டும் போயின. அதோடு விடவில்லை. பெயர்க் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு அழுத்தினார். ‘தயவுசெய்து மாணவியின் பெயரை எழுதவும். நன்றி’ என்று ஆங்கிலத்தில் வந்தது. அதை இரண்டு முறை வாசித்தார்.

“நேத்தைக்குத் திட்டுனது எங்க அம்மை மாதிரி இருந்துது. இது எங்க மாமியார் மாதிரில்லா பேசுது” என்றார்.

பிறகு பிமல்தாவிடம் பேனா கேட்டார்.