மூணாறு பேருந்தில் ஒரு மாதிரித் தேர்வு

தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்கான மறுதேர்வு அடுத்த வாரம். ஆசிரியரின்றிக் கற்றவள் என்ற பெருமிதத்துடன் இன்று மறையூரில் மூணாறு பேருந்தேறிப் புத்தகத்தை விரித்தேன். சென்ற முறை என்னை வீழ்த்திய பாடம்: அந்நியர் இனிக்கப் பேசி நம்மிடமிருந்து இரகசியங்களைக் கறக்கும் விதம்.

அருகிலிருந்த தேயிலை எஸ்டேட் அக்கா ஒருவர் முறுக்கு நீட்டினார்.

"வீட்ல யாரும் இல்லையா தாயி?"

"இல்லை. மாலைவரை பூட்டியே கிடக்கும்."

"சாவி பத்திரமா?"

"பூந்தொட்டியின் அடியில் மிகப் பத்திரமாக உள்ளது."

அவர் சிரித்துவிட்டார். "ஒத்த முறுக்குக்கே இம்புட்டையும் சொல்லிட்டியே! ஆமா, என்ன பரீட்சைக்குப் படிக்கிற?"

"சமையற்கலை" என்றேன். இன்று நான் காத்த ஒரே இரகசியம் அதுதான்.

வீடு திரும்பியதும் சாவியை இடம் மாற்றிவிட்டேன். எங்கே என்று தயவுசெய்து எவரும் வினவாதீர்கள், சொல்லிவிடுவேன்.