அப்பாவின் ஸ்கூட்டர் ஊமையான கதை

ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் நான் பதினொரு மார்க் வாங்கியபோது அப்பா ஒரு சபதம் செய்தார். முழுப்பரீட்சை முடியும்வரை வீட்டில் டிவி ஓடக் கூடாது. ஓடுவதை அவர் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்கே கேபிளை வெட்டிவிடுவார். அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒருதரம் கோபத்தில் இனி காப்பி குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு வருஷம் வெந்நீர் குடித்த மனுஷர்.

ஆனாலும் நானும் அம்மாவும் டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு ஐந்து மணிக்குக் கார்ட்டூன், அம்மாவுக்கு ஐந்தரைக்கு சீரியல். அந்தத் துணிச்சலைத் தந்தது அப்பாவின் ஸ்கூட்டர். வலியசாலையில் கோயிலை ஒட்டிய எங்கள் தெருவின் திருப்பத்தில் அவர் பிரேக்கை மிதித்தால் 'கீ...ச்' என்று ஒரு சத்தம் வரும். கோயில் மணியையே அமுக்கிவிடும். அதற்கும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கும் நடுவே அரை நிமிஷம். அதற்குள் டிவி அணைந்து, நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அம்மா அடுக்களைக்குள் போய் எதையாவது கிண்ட ஆரம்பித்திருப்பாள்.

இப்படி நிம்மதியாக இருக்கையில்தான் நாகர்கோவிலிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மிக்ஸியோ மோட்டாரோ, எதிலும் கை வைத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

"என்ன அத்திம்பேர், பிரேக் இப்படி அலறறது? நான் சரி பண்ணித் தரேன்" என்றார்.

குழாயில் ஒரு சொட்டு ஒழுகினாலும் தூங்காத அப்பா, "அது பாட்டுக்கு அலறட்டுமே. உனக்கென்ன?" என்றார். அம்மாவும் அவசரமாக வேண்டாம் என்றாள். நானும் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. எங்களுக்குச் சரி, அப்பாவுக்கு இதில் என்ன அக்கறை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா விடவில்லை. மறுநாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட வந்த அப்பா சற்றுக் கண்ணயர்ந்ததும், மாமா வண்டியைக் கோயில் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். சத்தம் எந்தச் சக்கரத்தில் என்று கண்டுபிடிக்க, நான் காதைச் சாய்த்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்தார், சத்தமில்லை. வண்டியும் நிற்கவில்லை, அந்த பிரேக் பேருக்குத்தான். பின்பிரேக்கை மிதித்தார். கீச்.

"பின்னாலதான். சரியான வறட்சி" என்று வைத்தியர் மாதிரி சொன்னார்.

வறட்சிக்கு எங்கள் ஊரில் தேங்காயெண்ணெயை விட்டால் மருந்து ஏது? தலை சுட்டாலும் அதுதான், கால் வெடித்தாலும் அதுதான். அடுக்களையிலிருந்து ஒரு கரண்டி கொண்டுவந்து பின்சக்கரத்து இடுக்கில் விட்டார். தாராள மனசுக்காரர், இன்னொரு கரண்டியும் விட்டார். இரண்டு சுற்று சுற்றியதும் கீச் போயே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று மாமா முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சீரியலில் கல்யாணம். அம்மாவால் விட முடியவில்லை. "சத்தத்தை நிறுத்தினவனே காவல் இருக்கட்டும்" என்று மாமாவை ஜன்னலோரம் நிறுத்தினாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் மாமாவும் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் அப்பா வந்தார். வந்தார் என்று சொல்ல முடியாது, போனார். மத்தியானம் விட்ட எண்ணெய் அதற்குள் நன்றாக உள்ளே இறங்கியிருந்தது. திறந்த கதவுக்கு வெளியே, பிரேக்கை மிதிமிதியென்று மிதித்துக்கொண்டு, எங்களை நேருக்கு நேர் பார்த்தபடி, உற்சவமூர்த்தி மாதிரி மெதுவாக வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார். கோயில் வேலைக்காகக் கொட்டியிருந்த மணல்தான் அவரை நிறுத்தியது.

நல்லவேளை, அடி இல்லை. தலையெல்லாம் மணலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். டிவி அணைந்திருந்தது; என் கையில் கணக்குப் புத்தகம் தலைகீழாக இருந்தது. கேபிள் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்தார். "பயத்துல கண்ணை இறுக்க மூடிண்டுட்டேன். ஒண்ணுமே தெரியலை" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டும் கோழையா என் அப்பா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே மாமா தம்பானூர் ஸ்டாண்டில் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு கிள்ளிப்பாலத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன அப்பாவுடன் நானும் போனேன். மெக்கானிக் மார்த்தாண்டத்துக்காரர். பின்சக்கரத்தைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"இதில பப்படம் காச்சினீங்களா சாரே?"

டிரம்முக்குள் தூசி அடைந்து, பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போனதால் வந்த சத்தமாம். தூசியைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை. எண்ணெய் குடித்த ஷூ இனிப் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

"புதுசு போட்டா பழைய சத்தம் வருமா?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு பொட்டு வராது."

"கொஞ்சமாவது?"

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சத்தம் வேணும்னா ஹாரன் உண்டல்லோ, சாரே."

அப்பா அதை யோசித்துப் பார்த்தார்.

வண்டி ஊமையாகவே வீடு திரும்பியது. அடுத்த நாள் சாயங்காலம் ஒரு காதைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டே டிவியைப் போட்டேன். ஐந்தே முக்காலுக்குத் தெருத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. இரண்டு தடவை, நிதானமாக. மறுநாளும் கேட்டது. முழுப்பரீட்சை முடியும்வரை ஒரு நாள் தவறவில்லை.

திருப்பத்தில் நடுரோட்டில் ஒரு நாய் படுத்துக் கிடக்கிறது, அதை எழுப்பத்தான் அப்பா ஹாரன் அடிக்கிறார் என்று நான் தீர்மானித்தேன். எங்கள் கேபிளைக் காப்பாற்றிய அந்த நாயின்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். தினமும் பள்ளிக்கூடம் போகும்போது திருப்பத்தில் அதற்கு ஒரு பிஸ்கட் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் திரும்பும்போது பிஸ்கட் வைத்த இடத்திலேயே எறும்பு மொய்த்துக் கிடக்கும். பாவம், அந்த நாய்க்கு உடம்புக்கு என்னவோ என்றுதான் நான் கவலைப்பட்டேன்.