துணைக்கு ஒரு விசைப்படகு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சூரியனைப் பிரித்துப் போட்டேன். பதறாதீர்கள்... துணியில் நானே தைத்த சூரியன்தான்.

கோட்டைப்பட்டினத்துத் தோழி சபீனா புது வீட்டுக்குக் குடிபோக இருந்தாள். அவள் வாப்பாவின் நாட்டுப்படகு உழைத்துக் கட்டிய வீடு. அதனால் அந்தப் படகு ஹால் சுவரில் தொங்க வேண்டும் — எம்பிராய்டரியாக, என் கையால். நீலத் துணி, நடுவில் ஒரு படகு. அவ்வளவுதான் அவள் கேட்டது.

படகு சீக்கிரமே முடிந்துவிட்டது. அங்கேயே ஊசியை வைத்திருக்கலாம். ஆனால், சுற்றிலும் அவ்வளவு காலியிடம்! சோம்பேறி என்று சொல்லிவிட மாட்டார்களா? ஒரு சூரியன் போட்டேன். பிறகு பறவைகள். ஓரத்தில் ஒரு தென்னை. அப்புறமும் வலது பக்கம் என்னவோ குறைந்தது... பெரிதாக ஒரு விசைப்படகு!

குடிபோவதற்கு முதல் நாள் சபீனா என்னைத் தேடி அறந்தாங்கிக்கு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“ஏண்டி, எங்க வாப்பா போட் எங்கிட்டு?”

“அந்தா... தென்னை மட்டைக்குக் கீழ.”

“அப்ப இது?”

“விசைப்படகு. சும்மா, தொணைக்கு.”

“தொணைக்கா! அது கடலுக்குப் போற அன்னைக்கு நாங்க போகவே மாட்டோம். அவுங்களுக்கு ஒரு நாளு, எங்களுக்கு ஒரு நாளு. மீறிப் போனா அது இழுப்புல எங்க வலை அறுந்துரும். இத மாட்டுனா, குடிபோன அன்னைக்கே வாப்பா பஞ்சாயத்தக் கூட்டிருவாரு!”

உட்கார்ந்து பிரித்தோம். விசைப்படகு போனதும் படகுக்கு மூச்சு வந்தது. பிரிப்பதில் எனக்கு ருசி பிடித்துவிட்டது — தென்னை போனது, பறவைகள் போயின, சூரியனும் போனது.

நூல்தான் போனது. ஊசி குத்திய ஓட்டைகள்? வானம், கடல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

“இத மறைக்க ரெண்டே ரெண்டு மேகம்...”

“தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!” ஊசியைப் பிடுங்கித் தன் துப்பட்டாவில் குத்திக்கொண்டாள்.

வேலை முடிந்துவிட்டது என்று செய்கிறவளுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது? அதற்குத்தான் ஊசியைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டும்.

மறுநாள் புது வீட்டில் வாப்பா அந்தச் சுவர் முன்னால் நின்றார். நின்றார்... நின்றுகொண்டே இருந்தார்.

“நம்ம போட்டுதான்,” என்றார் கடைசியில். “மழைத் தூத்தல்ல கெளம்புது. ஏம்மா, நூலே இல்லாம தூத்தல எப்புடிம்மா போட்டே?”

சபீனா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த டெக்னிக்கைச் சொல்லித்தரும்படி அவள் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கிளாஸ் ஆரம்பித்துவிடலாமா?