ஒட்டீலியாவின் மின்தடை

ஒட்டீலியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் எங்கள் ஊரான ஹ்ராபோவாவில் ஒருவர்கூடக் கிடையாது. அதனால்தான் அவள் கதையை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் அவளைப் பிடிக்காது. என் மாமனார் கெய்சாவின் இடுப்பெலும்பு உடைந்தது அவளால். உடைந்த இடுப்போடு என் வீட்டுக்கு வந்தவர், எலும்பு கூடிய பிறகும் கிளம்பவில்லை. மேற்கு ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் விறகு பிளப்பதிலிருந்து முட்டைக்கோஸ் சூப் உறிஞ்சுவதுவரை எல்லாவற்றுக்கும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருத்தி தன் ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் என்ன கெடுதல் செய்ய முடியும்?

பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. அப்போதே அவள் பார்வை கரும்பலகையில் நிற்காது, ஜன்னல் வழியாகப் போய்விடும். அவள் அப்பா ரயில்வே கேட் பார்த்தவர். பட்டாளத்திலிருந்து திரும்பும்போது செங்கல் கனத்தில் ஒரு பைனாகுலர் கொண்டுவந்திருந்தார். ஒரு மார்ச் மாத விடியற்காலையில் மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்க் கேட்டருகே நிறுத்தி, கிழக்கு மலைமேல் நின்ற வால்நட்சத்திரத்தைக் காட்டினாராம். விசிறியை விரித்துப் பிடித்த மாதிரி வால் என்பாள். இந்தக் கதையை அவள் வாயால் கேட்காதவன் எவனாவது இருந்தால் அவன் நேற்றுதான் இந்த ஊருக்குக் குடிவந்திருப்பான். அந்த விடியற்காலையோடு அவள் கெட்டுப்போனாள்.

கட்டிக்கொள்ள ஆள் வராமல் இல்லை. ஒரு தச்சன் வந்தான். நல்ல கைவேலை, குடியும் அளவோடுதான். அவனை முழங்கால் ஆழப் பனியில் மலையேற்றி, பைனாகுலரைக் கையில் கொடுத்து, வானத்தில் பூசணம் பூத்த மாதிரி மங்கிக் கிடந்த எதையோ காட்டி, தெரிகிறதா என்று கேட்டிருக்கிறாள். அவன் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னான். சம்பந்தம் அங்கேயே முடிந்தது. தச்சன் பக்கத்து ஊரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான்.

ஊராட்சி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கடிதம், முத்திரை என்று என்னென்னவோ செய்தாலும் அவள் உயிர் மைக்கில்தான் இருந்தது. எங்கள் ஊரில் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி உண்டு. கோழிக்குஞ்சு வண்டி, உருளைக்கிழங்கு வண்டி வருகிறதென்றால் முதலில் ஒரு துள்ளல் பாட்டு, அப்புறம் அறிவிப்பு. சாவு என்றால் சோகப் பாட்டு. மின்தடை, தண்ணீர் நிறுத்தம் என்றால் பாட்டே கிடையாது, வெறும் குரல்தான். ஒட்டீலியா இதில் சொந்தச் சரக்கையும் சேர்ப்பாள். போன தடவை கிழங்கு அழுகியிருந்தது, பார்த்து வாங்குங்கள் என்பாள். செத்தவர் சர்ச் பக்கமே வராதவர் என்றால், அடக்கத்துக்கு நேரம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வாள். இப்படியே வீட்டுக்கு ஒரு பகையாளியைச் சேர்த்திருந்தாள்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. துள்ளல் பாட்டைப் போட்டாள். பெரிய வால்நட்சத்திரம் ஒன்று சூரியனைச் சுற்றிக்கொண்டு வருகிறது, இன்று பொழுது சாய்ந்ததும் மேற்கே வெறுங்கண்ணுக்கே தெரியும், எல்லோரும் கல்லறை மேட்டுக்கு வாருங்கள் என்றாள். மேயர் எர்வின் குஷியாகிவிட்டார். தெருவிளக்கை அணைக்கச் சொன்னார். ஊரின் விளக்குக்கும் குழாய்க்கும் நான்தான் பொறுப்பு, அதனால் அணைத்தவனும் நான்தான். மதுக்கடைக்காரன் மேட்டிலேயே அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டான். தீயணைப்புப் படையின் பித்தளை வாத்தியக் குழு குளிரில் உதடு ஒட்ட ஒட்ட ஊதியது. ஊர் மொத்தமும் மேற்கே பார்த்து நின்றது. ஆரஞ்சு போய் நீலம் வந்தது, நீலம் போய்க் கறுப்பு வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அது சூரியன் பக்கத்தில் போனபோதே உடைந்து தூளாகிவிட்டதாம். வால்நட்சத்திரப் பைத்தியங்களுக்கென்றே ஒரு தப்பு இருக்கிறது. வரப்போவதை வந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்கள். யாரோ கணக்குப் போட்டுச் சொன்னதை நம்பி இவள் ஊரைக் கூட்டினாளே தவிர, தன் கண்ணால் அதை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. கூட்டம் இருட்டில் முணுமுணுத்துக்கொண்டு இறங்கியபோது சர்ச் பக்கத்துச் சாக்கடையில் என் மாமனார் விழுந்தார்.

ஊர் அவளை விடவில்லை. கோழிக்குஞ்சு அறிவிப்பு வந்தால் மதுக்கடையில் ஒருவன், குஞ்சு வருகிறதா, இல்லை வழியிலேயே உடைந்துவிட்டதா என்பான். அடுத்த பிப்ரவரியில் வேஷ ஊர்வலம் போனபோது ஒருவன் அவளைப் போலவே பாவாடையும் கோட்டும் மாட்டி, பின்னால் வாலாக ஒரு துடைப்பத்தைச் செருகிக்கொண்டு தெருத் தெருவாக ஆடினான். அந்த ஒருவன் நான்தான். நன்றாகவே ஆடினேன். அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடியதை நானே பார்த்தேன். அதிலிருந்து அவளுக்குத் துடைப்பம் என்றே பேர் ஆகிவிட்டது. மேயர் அவளைக் கூப்பிட்டு, மைக்கில் இனி வானத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் வேலை போய்விடும் என்றார். அவளும் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தன் கண்ணில் படாத எதையும் வாயால் சொல்வதில்லை.

பிறகு வெள்ளை விளக்குகள் வந்தன. எங்கள் பள்ளத்தாக்குக்கு மூன்று பக்கமும் காடு. மேற்கே கீழ்ச்சாலைப் பக்கம் மட்டும்தான் அடிவானம் தெரியும். அந்தச் சாலையில்தான் விளக்கு வரிசை. பொழுது சாய்ந்ததும் தானாகவே எரியும். அதற்கப்புறம் மேற்கே பார்த்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. யாரும் அதற்காக வருத்தப்படவில்லை, மேற்கே பார்த்து எங்களுக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை.

இந்த லட்சணத்தில்தான் போன அக்டோபரில் இன்னொரு வால்நட்சத்திரம் வந்தது. இந்த முறை அவள் மூச்சு விடவில்லை. அது சூரியனை நெருங்குவதற்கு முன்னால், விடியற்காலை பஸ் பிடித்துக் கணவாய்க்குப் போய்க் கிழக்கே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அது சூரியனைச் சுற்றி உயிரோடு வெளியே வந்ததும், சாயங்கால பஸ்ஸில் போய் மேற்கே பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை நானும் மேயரும் காபி குடித்துக்கொண்டிருந்த அறைக்குள் வந்து நின்றாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கீழ்ச்சாலை விளக்க அணைக்கணும்," என்றாள்.

மேயர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எப்படி நம்புவது என்று மேயர் கேட்டார்.

"நேத்து பாத்தேன். என் கண்ணால."

"அதான் பாத்துட்டியே, அப்புறம் என்ன? இன்னும் வேணும்னா இன்னிக்கும் பஸ் இருக்கு," என்றேன்.

"எனக்கு வேணாம்டா கொர்னெல். இந்த ஊரு பாக்கணும். துடைப்பம் துடைப்பம்னு இத்தன வருஷமா இளிச்ச வாயெல்லாம் ஒரு தடவ கப்புனு நிக்கணும். அது போதும் எனக்கு."

பார்க்கிறவன் கீழ்ச்சாலையைத் தாண்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டுமே என்றார் மேயர். இவள் சொல்லி எவன் அரைக் கிலோமீட்டர் நடப்பான் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். என் மாமனார் விழுந்த சாக்கடைக்கு இன்னும் மூடி போடவில்லை, இந்தத் தடவை யாருடைய மாமனார் விழவேண்டும் என்று நான் கேட்டேன். வீம்புக்குத்தான் கேட்டேன். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது எனக்குச் சுகமாக இருந்தது.

"மைக்ல வானம்னு ஒரு வார்த்த வந்துது, திங்கக்கிழம ஆபீஸ் சாவிய வெச்சுட்டுப் போயிட்டே இரு," என்றார் மேயர்.

"வானம்னு சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, பாட்டில்லாமல் அவள் குரல் வந்தது. இன்று மாலை ஆறேகாலிலிருந்து ஏழேகால்வரை ஊர் முழுவதும் மின்தடை. அவ்வளவுதான். சொந்தச் சரக்கு ஒரு சொல்கூட இல்லை. எனக்கு அதிலேயே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அன்று சாயங்காலம் டிவியில் ஃபுட்பால் ஆட்டம். ஊர் முழுக்க மின்சாரக் கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டியது. என் மாமனார் என்னைத் திட்டினார். அறிவிப்பு உண்மைதானா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது ஒரே வீச்சாக வந்து, வரிசையாகக் குளிர்பெட்டிகளையும் பாதிரியாரின் டிவியையும் பொசுக்கிவிட்டது. அன்றிலிருந்து மின்தடை என்று காதில் விழுந்தால் போதும், நேரத்துக்கு முன்பாகவே அவரவர் வீட்டு மெயின் சுவிட்சை அவரவரே அணைத்துவிடுவார்கள். தெருவிளக்குக்கும் அதே கதைதான். சர்ச் சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து நான் கைப்பிடியை இறக்கிவிடுவேன். யாரும் சொல்லவேண்டியதில்லை. கை தானாகச் செய்யும்.

அன்றைக்கும் செய்தது. கைப்பிடியை இறக்கினேன், விளக்கு வரிசை பொசுக்கென்று அணைந்தது. வீட்டுக்கு வீடு மெயின் சுவிட்ச் அணைந்தது. டிவி இல்லாமல் உள்ளே உட்கார்ந்து என்ன செய்ய? எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, கேட்டில் சாய்ந்தபடி, யார் வீட்டில் குளிர்பெட்டி எரிந்தது என்ற பழைய கதையைப் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் வீடு சர்ச்சுக்கு எதிரே. மாமனார் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெட்டியை மூடப்போனபோதுதான் பார்த்தேன். உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கம்பியில் மின்சாரம் இருந்தால் எரியும், போனால் அணையும். ஆறேகால் ஆகி நெடுநேரம் கழிந்தும் அது எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துடைப்பம் மொத்த ஊரையும் முட்டாளாக்கியிருக்கிறாள். அதிலும் விளக்கை என் கையாலேயே அணைக்கவைத்திருக்கிறாள்.

அவள் அங்கேதான் இருந்தாள், சர்ச் சுவரோரமாக, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு. பைனாகுலர்கூடக் கொண்டுவரவில்லை.

"மின்தடையே இல்ல. புளுகியிருக்க நீ," என்றேன்.

"ஆமா."

"திங்கக்கிழம உன் வேல போச்சு."

"தெரியும். கத்துறதுன்னா நல்லா கத்து. அந்தப் பக்கம் திரும்பி நின்னு கத்து."

நான் திரும்பவில்லை. திரும்புவேனா? கைப்பிடியைப் பிடித்தேன். ஏற்றிவிட்டால் வரிசை முழுக்க எரிந்திருக்கும், அவள் முகம் போகிற போக்கையும் பார்த்திருக்கலாம். அப்போது எதிர் ஜன்னலிலிருந்து என் மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ள, அதுலேருந்து கைய எடு. மேற்க பாரு."

இத்தனை வருஷத்தில் குரலை உயர்த்தாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. திரும்பினேன். கீழ்ச்சாலைக்கு மேலே, இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு மிச்சமிருந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அதிலிருந்து வால் மேலே எழும்பியிருந்தது. பாப்ளார் மரங்களைத் தாண்டி, இனி இவ்வளவுதான் என்று நான் நினைத்த இடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மூடிய கதவின் இடுக்கில் வருகிற வெளிச்சம் போலிருந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். பயம்தான், வேறென்ன சொல்ல?

தெருவில் பேச்சு ஒவ்வொரு வாசலாக அடங்கியது. மதுக்கடைக்காரன் கையில் கிளாஸோடு நின்றான். மேயர் வீட்டுச் செருப்போடு தெரு நடுவில் நின்றார். மின்சாரம் எங்கே போனது, எப்போது வரும் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

"இதுக்குன்னா இன்னொரு பக்க இடுப்பும் உடையலாம்," என்றார் மாமனார், யாரிடமும் இல்லாமல்.

ஒட்டீலியாவைப் பார்த்தேன். அவள் வால்நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கேட்டுக்குக் கேட்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்தையும் விடவில்லை. என்னைக் கடைசிக்கு வைத்திருந்தாள். என் வாய் திறந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனாள். கைப்பிடியை நான் எப்போது ஏற்றினேன் என்பது எனக்கு நினைவில்லை. ஏழேகாலுக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான்.

திங்கட்கிழமை மேயர் சாவியை வாங்கிக்கொண்டார். போகவேண்டியவள்தான் என்று நானும் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். மைக்கில் பொய் சொன்னவளை எப்படி வைத்துக்கொள்வது? ஒருவரும் அவளுக்காகப் பேசவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, மைக்கின் மேல் உறையை ஒழுங்காக இழுத்துவிட்டுப் போனாளாம். இப்போது பக்கத்து டவுனில் ஆட்டுப்பால் சீஸ் பொட்டலம் கட்டப் போகிறாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் அவள் தலையாட்டுவதில்லை, நானும் ஆட்டுவதில்லை.

மைக்கில் இப்போது வேறு பெண். தேன் மாதிரிக் குரல், சொந்தச் சரக்கு கிடையாது. அவள் பாட்டில்லாமல் மின்தடை என்று அறிவித்தால் ஊர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வருகிறது. மழையானாலும் பட்டப்பகலானாலும் வருகிறது. வந்து மேற்கே பார்த்து நிற்கிறது. ஏன் என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. மாமனாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைக்கிற வேலையும் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கும் அந்தத் துடைப்பம்தான் காரணம்.